விசுவாசத்துல நிலைச்சு நிக்கறதும் தேவனோட சமாதானமும்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் ஊழியக்காரி இல்ல, வேத கல்லூரி படிச்சவளும் இல்ல. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை, புராட்டஸ்டண்ட்) கோயில்ல 20 வருஷத்துக்கு மேல ஞாயிறு பள்ளி எடுக்கறேன், வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்துலயும் பொறுப்பு இருக்கு. கூட்டம் முடிஞ்சு ஜமுக்காளத்தை மடிக்கிற நேரத்துல யாராவது ஒருத்தர் பக்கத்துல வந்து மெதுவா ஒரு கேள்வி கேப்பாங்க, எல்லார் முன்னாடியும் கேக்க முடியாத கேள்வி. திரும்பத் திரும்ப அதே கேள்விங்கதான் வருது, அதனால எனக்குத் தெரிஞ்ச பதிலை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன். சில பதில் வேதத்துல இருந்து, சில பதில் நான் அழுது கத்துக்கிட்டது.

தேவனோட சமாதானம்னா என்ன? மனசு அமைதியா இருக்கறதா? எனக்கு அந்த அமைதி இல்லயே, அப்போ நான் இரட்சிக்கப்படலயா?

இந்தக் கேள்வியைத்தான் முதல்ல வச்சிருக்கேன், ஏன்னா இது தெளிவானா மத்ததுல பாதி தெளிவாயிரும்.

தமிழ்ல சமாதானம்னு நாம எப்போ சொல்றோம்னு பாருங்க. "அண்ணன் தம்பி சமாதானம் ஆயிட்டாங்க", "பெரியவங்க போயி சமாதானம் பேசுனாங்க". அதாவது ஒரு சண்டை இருந்துச்சு, அது தீர்ந்துருச்சு. ரோமர் 5:1-ல பவுல் சொல்றதும் அந்த அர்த்தத்துலதான், "தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம்" அப்படின்னு. பெறுவோம்னு இல்ல, பெற்றிருக்கிறோம், முடிஞ்சு போன விஷயம். பிலிப்பியர் 4:7-ல வர்றது வேற, "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்", அது நம்ம இருதயத்தையும் சிந்தையையும் காக்கற அமைதி. முதலாவது வழக்கு தீர்ந்தது, ரெண்டாவது வழக்கு தீர்ந்த வீட்ல நிம்மதியா தூங்கறது. வழக்கு தீர்ந்த அன்னைக்கே தூக்கம் வந்துரும்னு சொல்ல முடியாது.

எங்க அப்பா ஒருத்தர்கிட்ட கடன் வாங்கி புரோநோட்டு எழுதிக் குடுத்திருந்தாங்க. கடைசி தவணை குடுத்த அன்னைக்கு அந்த மனுஷன் நோட்டை எடுத்துட்டு வந்து, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல அப்பா போட்ட கையெழுத்தோட சேத்து குறுக்கே கிழிச்சு அப்பா கையிலயே குடுத்துட்டாரு, நான் திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். ஆனா அதுக்கப்புறமும் ரொம்ப நாளைக்கு வாசல்ல சைக்கிள் ஸ்டாண்டு போடற சத்தம் கேட்டா அப்பா திடுக்குனு எந்திரிப்பாங்க. கடன் போயிருச்சு, பயம் போகல. பயம் இருந்ததுனால கடன் இருந்துச்சுன்னு ஆயிருமா? ஆகாது. கொலோசெயர் 2:14-ல "நமக்கு விரோதமாகவும் இருந்த கையெழுத்தைக் குலைத்து... சிலுவையின்மேல் ஆணியடித்து"ன்னு இருக்குல்ல, அந்த கையெழுத்துங்கறது கடன்பத்திரம்தான். அப்பா கடனை அப்பாவே அடைச்சாங்க, நம்ம கடனை நாம அடைக்கல, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

அதனால இன்னைக்கு உங்க மனசு கொந்தளிக்குதுன்னா, உங்களுக்கும் தேவனுக்கும் நடுவுல ஏதோ முறிஞ்சு போச்சுன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. கிழிஞ்ச நோட்டு கிழிஞ்சதுதான்.

ஜெபம் பண்ண உக்காந்தா ஒண்ணுமே தோணல. முன்ன மாதிரி கண்ணீர் வரல, சந்தோஷம் வரல, சுவரைப் பாத்துப் பேசற மாதிரி இருக்கு. நான் பின்மாற்றத்துல, அதாவது விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போற நிலைமையில இருக்கேனா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆனா உணர்ச்சி வரலங்கறது மட்டும் அதுக்கு அடையாளம் இல்ல. பின்மாற்றத்துல இருக்கறவங்களுக்கு பெரும்பாலும் இந்தக் கவலையே வராது.

அன்னை தெரசாவை எல்லாருக்கும் தெரியும், அவங்க 1997-ல இறந்து 10 வருஷம் கழிச்சு 2007-ல அவங்க எழுதுன கடிதங்கள் வெளிய வந்துச்சு. கிட்டத்தட்ட 50 வருஷமா ஜெபத்துல தேவன் பக்கத்துல இருக்கற உணர்வே இல்லாம இருட்டுல இருந்திருக்காங்கன்னு அதுல தெரிஞ்சுச்சு. அந்த இருட்டோடயே தினமும் விடியக்காலம் எந்திரிச்சு ஜெபிச்சு, அப்புறம் தெருவுல கிடந்தவங்களைத் தூக்கி வந்து கழுவியிருக்காங்க. எனக்கு அதைப் படிச்சப்போ வருத்தத்தை விட ஒரு தைரியம்தான் வந்துச்சு.

சங்கீதத்துலயும் இது இருக்கு. 88-ம் சங்கீதம் எடுத்துப் பாருங்க, மத்த புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில ஒரு ஸ்தோத்திரத்துல வந்து நிக்கும், இது நிக்காது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்னு சொல்லி அப்படியே முடிஞ்சிரும். அதை வேதத்துல இருந்து யாரும் எடுத்துப் போடல. அந்த மாதிரி ஜெபமும் ஜெபம்தான்னு தேவனே ஏத்துக்கிட்டு உள்ள வச்சிருக்காரு.

வார்த்தை வரலன்னா வராம இருக்கட்டும். ரோமர் 8:26-ல ஆவியானவர்தாமே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்யறாருன்னு இருக்கு. நீங்க விடற பெருமூச்சை நீங்க கணக்குல எடுக்க மாட்டீங்க, அவரு எடுத்துக்குவாரு.

வருஷக்கணக்கா ஜெபிச்சும் பதில் வரல. உபவாசம் இருந்தோம், பொருத்தனை பண்ணோம், நடக்கல. இதுக்கு மேல எப்படி விசுவாசிக்கிறது?

இதுக்கு நான் வசனத்துல இருந்து ஆரம்பிச்சா உங்களுக்கு கோவம் வரும், எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. அதனால நடந்ததைச் சொல்றேன்.

என் தம்பிக்கு 34 வயசுல ரத்தப் புற்றுநோய் வந்துச்சு. 14 மாசம். ஒவ்வொரு வெள்ளியும் உபவாசம், சேகரத்துல, அதாவது ஒரே போதகருக்குக் கீழ இருக்கற எல்லா கோயில்லயும் பேர் சொல்லி ஜெபம், அம்மா எண்ணெய் பூசி தலைமாட்டுல வேதத்தை வச்சிட்டு விடிய விடிய முழங்கால்ல இருப்பாங்க. தம்பி போயிட்டான். அடக்கம் முடிஞ்ச மூணாம் நாள் வீட்டுக்கு வந்த ஒரு பிரசங்கியார் எங்க அம்மாவைப் பாத்து, "குடும்பத்துல யாரோ ஒருத்தர் விசுவாசத்துல தளர்ந்திருப்பீங்க"ன்னு சொல்லிட்டு காபி குடிச்சிட்டுப் போனாரு. அம்மா அந்த ஒரு வார்த்தையை சாகற வரைக்கும் சுமந்தாங்க. இதைப் படிக்கற யாராவது துக்க வீட்டுக்குப் போறவங்களா இருந்தா கை கூப்பி கேக்கறேன், அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிராதீங்க, பேசத் தெரியலன்னா பக்கத்துல சும்மா உக்காந்திருங்க.

அதுக்கப்புறம் எட்டு மாசம் என்னால ஜெபிக்க முடியல. கோயிலுக்குப் போவேன், பழக்கம் கால் இழுத்துட்டுப் போயிரும், ஆனா வழக்கமா உக்காரற இடத்துல உக்காராம கடைசி பெஞ்சுல மணிக்கயிறு பக்கத்துல உக்காந்துக்குவேன், பாட்டு பாட மாட்டேன், கர்த்தருடைய ஜெபம் சொல்ல மாட்டேன். ரெண்டாவது வாரமோ மூணாவது வாரமோ, முன்னாடி ரெண்டாவது பெஞ்சுலயே 40 வருஷமா உக்காந்து பழகுன எங்க பெரியம்மா எந்திரிச்சு பின்னால வந்து என் பக்கத்துல உக்காந்தாங்க. ஒண்ணும் கேக்கல. பாட்டு ஆரம்பிச்சதும் காலண்டர் தாள் அட்டை போட்ட பாட்டு புஸ்தகத்தை என் மடிப்பக்கம் நகத்தி வச்சு, வரிக்கு வரி விரலை வச்சு ஓட்டிக்கிட்டே போனாங்க, நான் பாடலன்னாலும் விரல் நிக்கல. கர்த்தருடைய ஜெபம் வந்தப்போ காதுக்குள்ள, "நீ வாய் தொறக்க வேண்டாம் பிள்ள, நான் ஒனக்கும் சேத்துச் சொல்லிக்கிடுதேன்"ன்னாங்க. எட்டு மாசமும் அப்படித்தான்.

மாற்கு 2-ம் அதிகாரத்துல கை கால் வராத திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கிட்டு வந்து கூரையைப் பிரிச்சு இறக்குவாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு எத்தனை வருஷம் இந்தக் கதையை சொல்லிக் குடுத்திருக்கேன், ஆனா அஞ்சாவது வசனத்தை அப்போதான் கவனிச்சேன். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு"ன்னு இருக்கு. கட்டில்ல கிடந்தவனோட விசுவாசத்தைன்னு தனியா சொல்லல. அவன் அன்னைக்கு விசுவாசிச்சானா இல்லயான்னே நமக்குத் தெரியாது, தூக்கிட்டு வந்தவங்களோட விசுவாசம் அவனைக் கொண்டுவந்து சேத்துச்சு.

தம்பி ஏன் போனான்னு எனக்கு இன்னைக்கும் பதில் கிடைக்கல. பவுல் கூட மூணு தரம் தன் உடம்புல இருந்த முள்ளை, அதாவது தன்னை வாட்டுன ஒரு உபத்திரவத்தை, எடுக்கச் சொல்லி வேண்டிக்கிட்டு, "என் கிருபை உனக்குப்போதும்"ங்கற பதிலோட அந்த முள்ளைச் சுமந்துக்கிட்டே நடந்தாரு. ஆனா எட்டு மாசம் நான் பிடிக்காதப்போவும் என்னை யாரோ பிடிச்சிருந்தாங்க, அது எனக்குத் தெரியும். உங்களால இப்போ விசுவாசிக்க முடியலன்னா, உங்களுக்கும் சேத்து விசுவாசிக்கற ஒருத்தர் பக்கத்துல போய் உக்காருங்க, இப்போதைக்கு அது போதும்.

வருஷப் பிறப்புக்கு எடுத்த வாக்குத்தத்த வசனம் நடக்கவே இல்லயே?

டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட் ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வேத வசனம் எழுதுன ஒரு கார்டு எடுப்போம், எனக்கும் அது பிடிக்கும், பர்ஸ்ல வச்சுக்குவேன். ஆனா கார்டுல இருக்கற ஒரு வரி எங்க இருந்து எடுத்ததுன்னு அன்னைக்கே வீட்டுக்குப் போய் முழு அதிகாரத்தையும் படிச்சிருங்க.

அதிகமா எல்லாருக்கும் வர்றது எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அது பாபிலோனுக்கு சிறைபிடிச்சு கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எழுதுன கடிதம். அதுக்கு முந்தின வசனத்தைப் பாருங்க, 70 வருஷம் முடிஞ்சப்புறம்னு இருக்கு. கடிதம் வாங்கிப் படிச்ச பெரியவங்கள்ல ரொம்ப பேரு அந்த விடுதலையைக் கண்ணால பாத்திருக்க மாட்டாங்க. அப்போ அவங்களுக்கு தேவன் என்ன சொன்னாரு? வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதோட கனியைச் சாப்பிடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணி வைங்க, நீங்க இருக்கற அந்தப் பட்டணத்தோட சமாதானத்தைத் தேடுங்கன்னு சொன்னாரு. வாக்குத்தத்தத்துக்காக காத்திருக்கறதுன்னா கையைக் கட்டிட்டு டிசம்பர் 31 வரைக்கும் எண்ணறது இல்ல. 70 வருஷம் ஆனாலும் சரின்னு ஒரு முருங்கையை நட்டு தண்ணி ஊத்தறது.

கஷ்டம் மேல கஷ்டம் வருது. நாங்க செஞ்ச பாவமா, இல்ல முன்னோர் சாபமா?

குடிச்சு குடிச்சு ஈரல் கெட்டுச்சுன்னா அதுக்குக் காரணம் இருக்கு, அதை மறைக்க வேண்டாம். ஆனா எல்லா கஷ்டத்துக்கும் பின்னால ஒரு பாவத்தைத் தேடறது, வேதத்துல தப்பு செய்யாமலே எல்லாத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதர் செஞ்ச வேலை. அவங்க முதல்ல நல்லாத்தான் செஞ்சாங்க, ஏழு நாள் இரவும் பகலும் யோபு கூட தரையில உக்காந்து ஒரு வார்த்தை பேசல. வாயைத் தொறந்தப்புறம்தான் கெட்டுச்சு. கடைசியில கர்த்தர் அவங்களைப் பாத்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லைன்னு கோவிச்சுக்கிட்டாரு. பிறவிக் குருடனைப் பாத்து இவன் பாவமா, பெத்தவங்க பாவமான்னு சீஷர் கேட்டப்பவும் இயேசு ரெண்டும் இல்லன்னு சொல்லிட்டாரு, யோவான் 9:3.

இந்த யோபு கதைக்கு நம்ம பக்கத்துல ஒரு தொடர்பு இருக்கு. 1712-ல பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனையில வேலை பாத்தவரு, குடும்பத்துல நஷ்டம் மேல நஷ்டம் வந்து நொறுங்கிப் போயிருந்தப்போ டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு யோபுவோட கதையைத்தான் சொன்னாரு. அதைக் கேட்டு 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம்னு பேர் வச்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் கஷ்டம் தீர்ந்துச்சான்னா இல்ல, கூடுச்சு, சிறை, விலங்கு, அடி, கடைசியில 1752 ஜனவரி 14-ல ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. கத்தோலிக்க திருச்சபை 2022 மே 15-ல அவரைப் புனிதரா அறிவிச்சுச்சு. நான் சி.எஸ்.ஐ., ஆனா அந்த மலைக்குப் போயிருக்கேன். பாவத்துனாலதான் கஷ்டம்னா அந்த மனுஷனுக்கு என்ன கணக்கு சொல்றது?

முன்னோர் சாபம்னு சொல்லி காசு கேக்கறவங்க வீட்டுக்கு வந்தா தண்ணி குடுத்து அனுப்பிருங்க.

ஒரே பாவத்துல திரும்பத் திரும்ப விழறேன். எத்தனை தடவைதான் மன்னிப்பு கேக்கறது, எனக்கே வெக்கமா இருக்கு.

இயேசுவோட சீஷன் பேதுருவைப் பாப்போம். யோவான் சுவிசேஷத்துல கரிநெருப்பு ரெண்டு இடத்துல வரும். முதல்ல 18:18, பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்துல குளிருக்கு கரிநெருப்பு போட்டு குளிர்காயறாங்க, பேதுருவும் நிக்கறான், அங்கதான் மூணு தரம் அவரைத் தெரியாதுன்னு சொன்னான். அடுத்தது 21:9, இயேசு உயிர்த்தெழுந்தப்புறம் திபேரியா கடற்கரையில, ராத்திரி முழுக்க வலை போட்டு ஒண்ணும் கிடைக்காம, விடிஞ்சப்போ இயேசு சொன்ன பக்கம் வலை போட்டு நிறைய மீனோட கரைக்கு வர்றாங்க, அங்க கரிநெருப்பு போட்டு அது மேல மீன் வச்சிருக்காரு. அந்தப் புகை மூக்குல ஏறுனப்போ பேதுருவுக்கு எது ஞாபகம் வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆனா இயேசு சொன்னது "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்". சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் பழசைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அப்புறம்தான் மூணு தரம், நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயான்னு கேட்டாரு, மூணு தரமும் ஒரு வேலையைக் குடுத்தாரு.

அவன் விழறதுக்கு முன்னாடியே லூக்கா 22:32-ல "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்"னு சொல்லியிருந்தாரு. நீங்க விழுவீங்கன்னு அவருக்குத் தெரியாம இல்ல.

அதுக்காக பாவத்தோட சமாதானம் ஆயிராதீங்க. ராத்திரி போன்ல விழறீங்கன்னா போனை வேற ரூம்ல சார்ஜ் போடுங்க. குடின்னா கூடவே ஒருத்தரை வச்சுக்கோங்க, தனியா போராடாதீங்க, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட பேரைச் சொல்லி ஒத்துக்கோங்க. 1 யோவான் 1:9-ல அறிக்கையிட்டால் மன்னிக்கறதுக்கு "அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்"னு இருக்கு. இரக்கம் உள்ளவருன்னு போட்டிருந்தா எத்தனை தடவை இரக்கப்படுவாருன்னு நமக்கு சந்தேகம் வந்திருக்கும். நீதின்னு போட்டிருக்கு, அடைச்ச கடனை மறுபடி கேக்க மாட்டாருன்னு அர்த்தம்.

சந்தேகம் வர்றது பாவமா?

நோவுல கிடந்த பிள்ளையை இயேசுகிட்ட கொண்டு வந்த ஒரு தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்லி அழுதான், மாற்கு 9:24. பிள்ளை சுகமாச்சு. சந்தேகத்தோட அவர்கிட்டயே போங்க.

டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடறேன். விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குன்னு சபையில கேக்கறாங்க.

சுகருக்கு மாத்திரை போடறவங்ககிட்ட இதைக் கேக்கறாங்களா? கேக்க மாட்டாங்க. மூளையும் உடம்புதான்.

எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில அக்கினி இறங்குனதைப் பாத்த மனுஷன். அடுத்த அதிகாரத்துலயே வனாந்தரத்துல ஒரு சூரைச்செடியின் கீழ் உக்காந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்னு சொல்லிட்டு படுத்துக்கிட்டான். தேவதூதன் வந்து என்ன பண்ணான்? உன் விசுவாசம் எங்கன்னு கேக்கல, கண்டிக்கல. தட்டி எழுப்பி, தழலில சுட்ட அடையும் ஒரு பாத்திரத்துல தண்ணியும் குடுத்தான். சாப்பிட்டு மறுபடி தூங்கிட்டான், தூங்க விட்டான். ரெண்டாந்தரம் வந்து மறுபடி சாப்பாடு, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்"னு சொன்னான். 1 இராஜாக்கள் 19. அடை, தண்ணி, தூக்கம், மறுபடி அடை. அமர்ந்த மெல்லிய சத்தம் அதுக்கப்புறம்தான் வருது, அதுவும் 40 நாள் நடந்தப்புறம்.

மாத்திரையை டாக்டரைக் கேக்காம நிறுத்தாதீங்க, யாரு தலையில கை வச்சு ஜெபிச்சாலும். உயிரை விட்ரலாம்னு நினைப்பு வந்தா இப்போவே வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மனாஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயே பேசலாம். வெக்கப்படறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. அந்த அடையைச் சுட்டது தேவதூதனா இருந்தா என்ன, மாத்திரை எழுதுனது டாக்டரா இருந்தா என்ன, அனுப்பறவர் ஒருத்தர்தான்.

சபையில மனசு ரொம்ப நொந்து போச்சு. கோயிலுக்கே போறதில்ல, வீட்லயே யூடியூப்ல ஆராதனை பாக்கறேன். போதாதா?

என்ன நடந்துச்சுங்கறதைப் பொறுத்துதான் சொல்ல முடியும். தப்பு நடந்திருந்தா, அதுவும் பிள்ளைங்களுக்கோ பெண்களுக்கோ கொடுமை நடந்திருந்தா, பொறுத்துட்டு அங்கயே போய் உக்காருங்கன்னு நான் சொல்லவே மாட்டேன், வெளிய சொல்லுங்க, போலீசுக்குப் போகணும்னா போங்க. எலெக்‌ஷன் சண்டை, ஜாதி பாத்து பேசறது, அசனப் பண்டிகையில (கோயில் விருந்துல) பந்தி விசாரிக்கறதுல வந்த மனஸ்தாபம்னா, அந்தக் காயமும் நிஜம்தான், நானும் பட்டிருக்கேன். வேணும்னா பக்கத்து ஊர் கோயிலுக்குப் போங்க. ஆனா தனியா இருந்துராதீங்க. யூடியூப் பிரசங்கியாருக்கு நீங்க இந்த வாரம் வரலன்னு தெரியாது, பாட்டு புஸ்தகத்தை உங்க மடியில நகத்தி வைக்க அவரால முடியாது.

கூடப் பிறந்தவன்கூட சொத்து தகராறுல பேச்சுவார்த்தை இல்ல. இப்படி இருந்துட்டு தேவனோட சமாதானம்னு சொல்லலாமா?

மத்தேயு 5:23, 24 கஷ்டமான வசனம். காணிக்கையைப் பலிபீடத்துகிட்டயே வச்சிட்டு முதல்ல போய் சகோதரனோட ஒப்புரவாகுன்னு இருக்கு. அதை நான் லேசாக்க மாட்டேன், போன் எடுத்து முதல்ல நீங்க பேசுங்க, கேஸ் நடந்தாலும் நல்லா இருக்கியாடான்னு கேக்கலாம். ஆனா ரோமர் 12:18-ல "கூடுமானால் உங்களாலானமட்டும்"னு ரெண்டு வார்த்தை இருக்கு. உங்க பக்கத்துக் கதவை நீங்க திறந்து வைக்கலாம், அந்தப் பக்கத்துல இருந்து அவரு வரணும்னு உங்களால கட்டாயப்படுத்த முடியாது. மன்னிக்கறதுன்னா வரப்பை விட்டுக் குடுத்தே ஆகணும்னும் இல்ல, அடிக்கற புருஷன்கிட்ட திரும்பிப் போகணும்னும் இல்ல.

வீட்ல நான் மட்டும்தான் விசுவாசி. யாருக்கும் பிடிக்கல.

சண்டை போட்டு ஜெபிக்காதீங்க. சமையலை முடிச்சிட்டு, பெரியவங்களுக்கு மருந்தைக் குடுத்துட்டு, அடுப்படியில நின்னு ரெண்டு நிமிஷம் ஜெபிச்சாலும் அவரு கேப்பாரு. உங்க அன்பை அவங்க முதல்ல பாக்கட்டும்.

பொறுமையா இரு, பொறுமையா இருன்னு எல்லாரும் சொல்றாங்க. எத்தனை காலம்? பொறுமைன்னா என்னதான்?

பொறுமைங்கற வார்த்தையே பொறுக்கறதுல இருந்து வருது, பாரத்தைப் பொறுக்கறது. எபிரெயர் 12:1-ல "பொறுமையோடே ஓடக்கடவோம்"னு வர்ற இடத்துல கிரேக்கத்துல இருக்கற வார்த்தைக்கும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான், பாரத்துக்குக் கீழயே நிலைச்சு நிக்கறது.

எங்க ஊர்ல இருந்து போற பழைய ரோட்டுல ஒரு சுமைதாங்கி இன்னும் நிக்குது. ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லை படுக்கப் போட்டிருக்கும், வயித்துப் பிள்ளையோட இறந்து போன பொண்ணுங்க ஞாபகமா அந்தக் காலத்துல வைப்பாங்க. ஏன் அதை அந்த உயரத்துக்கு வச்சாங்கன்னு ஒரு நாள் பெரியம்மாகிட்ட கேட்டேன். தலைச்சுமையைத் தரையில இறக்குனா மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேணும், தனியா நடக்கறவளுக்கு ஆள் ஏது, அந்தக் கல்லு உயரத்துல இருந்தா அப்படியே தள்ளி வச்சிட்டு மூச்சு வாங்கிட்டு, தலையைக் குடுத்து எடுத்துட்டுப் போயிரலாம்னாங்க. அதைக் கேட்டதுல இருந்து மத்தேயு 11:28 படிக்கறப்போ எனக்கு அந்தக் கல்லுதான் தெரியும், "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே". சுமையை இறக்கி வைக்காம நடக்கறதுக்குப் பேர் பொறுமை இல்ல. இறக்கி வைக்கற இடம் தெரிஞ்சு, அங்க நின்னு நின்னு போறதுதான்.

டோனாவூர்ல பிள்ளைங்களை வளத்த ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-ல களக்காட்டுல விழுந்து அடிபட்டாங்க, அதுக்கப்புறம் 1951-ல இறக்கற வரைக்கும் கிட்டத்தட்ட 20 வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். படுத்துக்கிட்டே எழுதுனாங்க, பிள்ளைங்களைக் கூப்பிட்டுப் பேசுனாங்க. கல்லறைக்கு மேல கல்லு வைக்க வேண்டாம்னு சொல்லிட்டதால பிள்ளைங்க அங்க பறவைங்களுக்கு ஒரு தண்ணித் தொட்டி வச்சாங்க. ஓடறதுன்னா கால்ல ஓடறது மட்டும் இல்ல போல.

தினமும் எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

சின்னதா. ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம், சத்தமா வாசிங்க, உங்க காதுக்கே கேக்கற மாதிரி. கர்த்தருடைய ஜெபம் ஒரு தடவை மெதுவா. ஒரே ஒரு ஆளுக்காக பேர் சொல்லி ஜெபம். விட்டுப் போச்சுன்னா மறுநாள் ரெண்டு சங்கீதம் படிச்சு ஈடு கட்ட வேண்டாம், விட்ட இடத்துல இருந்து போங்க.

கடைசி வரைக்கும் நிலைச்சு நிப்பேனான்னு பயமா இருக்கு. நடுவுல விட்டுட்டா?

யோவான் 10:28-ல "ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதில்லை"ன்னு இருக்கு. அவர் கையில நாம இருக்கோம். நம்ம பிடி தளரும், வயசானா ஞாபகமே போயிரும்.

எங்க பெரியம்மாவுக்குப் போச்சு. கடைசி ரெண்டு வருஷம் என்னை யாருன்னு தெரியாது, பிள்ளைங்களைத் தெரியாது, கோயில் மணி அடிச்சா அது என்ன சத்தம்னு கேப்பாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் போயி கட்டில்ல அவங்க பக்கத்துல உக்காந்து, நீங்க வாய் தொறக்க வேண்டாம் பெரியம்மா, நான் உங்களுக்கும் சேத்துச் சொல்லிக்கிடுதேன்னு சொல்லிட்டு "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு ஆரம்பிப்பேன். அவங்க கூரையைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க, ஒரு வார்த்தை வராது. ஆனா போர்வை மேல வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் இடப்பக்கத்துல இருந்து வலப்பக்கமா மெதுவா நகந்துக்கிட்டே இருக்கும், ஒரு வரி முடிஞ்சதும் அடுத்த வரிக்கு இறங்கும்.